வியர்க்காத பதினேழு

முதலில் அதை உடைக்கத்தான் கற்றுக்கொண்டேன்.
ஜாலஹள்ளி ஆய்வகத்தில் இரு இரும்புப் பற்களில் கவ்வி
இழுத்தோம்: நூறு இழுப்பு, ஆயிரம், பத்தாயிரம்.
நேராக ஓடிய தங்கக் கம்பி நூறைத் தாண்டவில்லை.
நெளி மோதிரம் போல வளைத்து வரைந்த பிறகு
சொன்னபடி கேட்டது.
வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம்.
தோல் சுருங்கினால் சுருங்கும், விரிந்தால் விரியும்,
ஒட்டிக்கொண்டவரே மறந்துபோவார்

என்பது விளம்பரத் தாளில்.
உண்மையில் அரிக்கும். மூன்றாம் நாள் ஓரம் கறுக்கும்.
மல்லேஸ்வரத்தில் ஒருவர் குளிக்கும்முன் பிய்த்து
கண்ணாடியில் ஒட்டிவைத்தார்.
அன்று நாற்பது நிமிடம் கண்ணாடிக்கு
இதயம் நின்றிருந்தது.

பதினேழு அப்படிப்பட்டவர் அல்ல.
முனிவெங்கடப்பா, கண்டக்டர், யஷ்வந்த்பூர் டிப்போ.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் ஒன்றே கேட்டார்:
'ராத்திரியில இதை யாரு பாப்பாங்க?'
'நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்' என்றேன்.
இருபத்துநான்கு பேரிடமும் அதையே சொல்லியிருந்தேன்.
பார்ப்பது ஒரு மென்பொருள்.
நாங்கள் திங்கட்கிழமைகளில் பார்ப்போம்.

சனி இரவு, ஒன்று ஐம்பது.
தூக்கம் வராமல்தான் திரையைத் திறந்தேன், கடமையால் அல்ல.
பதினேழின் சூடு முப்பத்தொன்பதை ஒட்டி நின்றது.
துடிப்பு நூற்று இருபத்தாறு:
மூச்சை இழுக்கையில் ஓடி, விடுகையில் தயங்கி,
மறுபடி ஓடி, மறுபடி தயங்கி.
ஐம்பத்திரண்டு வயது இதயம் இப்படி விளையாடாது.
வியர்வைக் கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை.
உப்பு பூஜ்யம். ஈரம் பூஜ்யம்.
இத்தனை சூட்டில் வியர்க்காத மனிதனா?
ஆம்புலன்ஸ் எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு
அவரை அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.
'பாத்துட்டீங்களா மேடம்?'
குரலில் அப்படியொரு ஆறுதல்.
'எனக்கு ஒண்ணுமில்ல. பாஸுக்குத்தான்.'

டிப்போ நாய்.
டிக்கெட் இல்லாமல் எந்த வண்டியிலும் ஏறுவதால் அந்தப் பெயர்.
மாலையில் ஒரு பைக் இடித்துவிட்டுப் போயிருக்கிறது.
இந்நேரத்துக்கு எந்த டாக்டர், ஏன் மாடோது மேடம்?
தன் மார்பிலிருந்து பிரித்து
அதன் அடிவயிற்றில் மயிரில்லாத இடம் பார்த்து
ஒட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.
'பாத்துக்கிட்டே இருப்பேன்னு சொன்னீங்கல்ல.'

விதிப்படி நான் அவரைத் திட்ட வேண்டும்,
படிவம் எட்டை நிரப்ப வேண்டும்,
அந்த இரவின் எண்களை நீக்க வேண்டும்.
மூன்றையும் செய்தேன். திட்டத்தான் சரியாக வரவில்லை.
ஆனால் அதெல்லாம் பிறகு.
அப்போது நாயின் துடிப்புக்கு எது சரியான எண்ணென்று
தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.
அந்தத் தயக்கம் நாய்க்கு இயல்பாம். சூடும் ஏறக்குறைய.
வியர்ப்பது பாதத்தில் மட்டுமாம்.
சொன்னேன்.
'அப்ப பொழைச்சுக்குமா?'

அதற்கு எங்கள் படலத்தில் கட்டம் இல்லை.
இருவரும் போனை வைக்கவில்லை. பேசவுமில்லை.
அந்தப் பக்கம் ஒரு டீசல் இன்ஜின்
இருமிக்கொண்டே இருந்தது.
நான்கு மணிவாக்கில் அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கோடு அறுந்தது.
தொடர்பு இழப்பு, என்றது திரை.
எழுந்து நடந்ததாலும் இருக்கலாம்.

திங்கட்கிழமை
டிக்கெட் சுருள் தாளில் சுற்றிய படலத்தை
யாரோ ஒரு டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார்.
கேட்டேன். 'எந்த நாய்?' என்றார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.
பசையில் செம்பட்டை மயிர் ஒன்று
நெளிந்தோடும் தங்கத்தின் குறுக்கே கிடந்தது.
முறிவைத் தேடினேன், வளைவு வளைவாக.
எங்கும் முறியவில்லை.

அவரை இன்னும் அழைக்கவில்லை.